போன் வைக்கும் முன் ஃபைல் கையில்: கணினியையும் மெயிலையும் ஒழுங்கு செய்ய ஒரு செய்முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குச் சாயப்பட்டறையிலிருந்து போன் வருகிறது: "ஏனுங்க மேடம், 4471-க்கு நேவி ஷேடு எது ஓகே ஆச்சுங்க, ஏ-வா பி-யா? துணி ரெடியா நிக்குதுங்க." பதில் கணினிக்குள் எங்கோ இருக்கிறது. கேட்பவர் சொல்வது ஸ்டைல் நம்பர், கலர், லேப் டிப் (சாயத்தின் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரித் துணி; ஏ, பி என்பது அதைத்தான்). ஃபைலின் பெயரோ 'ஸ்கேன்0087'. மெயிலின் சப்ஜெக்ட் 'ரீ: ரீ: சம்மர் ஆர்டர்'. கேட்கிற சொல் வைத்த பெயரில் எங்குமே இல்லை. தேடல் இழுப்பது அதனால்தான்.

ஆகவே ஒரு ஃபைலைச் சேமிக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியது: ஆறு மாதம் கழித்து இதை யார், என்ன சொல்லிக் கேட்பார்கள்? அந்தச் சொற்கள் பெயரில் ஏறிவிட்டால் எந்த ஃபோல்டரில் இருந்தாலும் கிடைத்துவிடும். ஃபோல்டர்களை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பெயர் சரியில்லை என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

(கீழே தமிழில் காட்டியிருக்கும் ஃபைல் பெயர்களையும் தேடல் சொற்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். காரணம் பின்னால் வருகிறது.)

ஃபோல்டர்: மூன்று அடுக்குப் போதும்

முதலில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். டெஸ்க்டாப்பில் கொஞ்சம், டவுன்லோட்ஸில் கொஞ்சம், டி டிரைவில் மீதி என்று கிடந்தால் தேடவும் முடியாது, பேக்கப்பும் எடுக்க முடியாது. டி டிரைவில் 'ஆபீஸ்' என்று ஒரு தாய் ஃபோல்டர் போட்டு, கம்பெனி சம்பந்தப்பட்ட அத்தனையும் அதற்குள் வரட்டும். புது ஃபோல்டருக்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அதற்குள் எப்படிப் பிரிப்பது என்பது தொழிலைப் பொறுத்தது. ஏற்றுமதி பனியன் கம்பெனி என்றால் பையர், சீசன், ஸ்டைல் நம்பர் என்று மூன்று அடுக்கு. ஸ்டைல் நம்பர் ஃபோல்டருக்குள் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்), டெக் பேக் (உடையின் அளவு, விவரத் தாள்), லேப் டிப், ஃபிட் சாம்பிள் கமெண்ட், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் கலந்தே கிடக்கலாம். ஒரு ஆர்டருக்கு நாற்பது ஐம்பது ஃபைல்தான் சேரும். பெயர் சரியாக இருந்தால் அதற்குள் இன்னொரு அடுக்கு தேவைப்படாது.

கோவை கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை, ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி நடத்துகிறவர்கள் ஆண்டு வாரியாகப் பிரிக்க வேண்டாம். பத்து வருடத்துக்கு முன்னால் வார்த்த பாகத்தையே வாடிக்கையாளர் மறுபடியும் கேட்பார். எந்த ஆண்டு என்பது அவருக்கே நினைவிருக்காது, பார்ட் நம்பர்தான் சொல்வார். எனவே வாடிக்கையாளர், அடுத்துப் பார்ட் நம்பர். அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நாமக்கல் லாரி ஆபீஸுக்கு வண்டி நம்பர்தான் ஃபோல்டர். 'டிஎன்28' என்று தொடங்கும் முழு நம்பரையும் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். இங்கே ஃபைல் பெயரில் போட வேண்டிய தேதி, பேப்பர் எடுத்த தேதியல்ல, முடிகிற தேதி. இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட் மூன்றிலும் "எப்ப முடியுது?" என்பதுதானே கேள்வி.

கணக்குப் பிரிவு மட்டும் எல்லாத் தொழிலுக்கும் ஒன்றே: ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு, அதற்குள் மாதம். மாத ஃபோல்டரை '04-ஏப்ரல்', '05-மே' என்று எண்ணோடு தொடங்கினால் அகர வரிசையில் ஆகஸ்ட் முந்திக்கொள்ளாது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கு 13, 14, 15 என்று எண் கொடுப்பவர்களும் உண்டு. பார்க்க விநோதமாக இருந்தாலும் நிதியாண்டு வரிசை குலையாது.

இரண்டு வகைப் பிரிப்பு எங்கும் உதவாது. ஒன்று, 'பிடிஎஃப்', 'எக்செல்', 'போட்டோ' என்று ஃபைல் வகையை வைத்துப் பிரிப்பது. ஒரே ஆர்டரின் பேப்பர்கள் மூன்று மூலைக்குச் சிதறிவிடும். இன்னொன்று ஆள் பெயரில் ஃபோல்டர். அந்த ஆள் வேலையை விட்டுப் போன மறுநாள் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

பெயர் வைப்பது

ஆர்டர் ஃபைலுக்கு இந்த வரிசை நன்றாக வேலை செய்கிறது: ஸ்டைல் நம்பர், ஆவணத்தின் வகை, விவரம், நிலை, தேதி. உதாரணம்: 4471_லேப்டிப்_நேவி_பி_அப்ரூவ்டு_2025-06-14. சாயப்பட்டறைக்காரர் கேட்ட மூன்று சொல்லும் இதில் இருக்கின்றன, கேட்காத பதிலும் இருக்கிறது. ஃபைலைத் திறக்காமலேயே "பி-ங்க" என்று சொல்லிவிடலாம்.

பில், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்ற கணக்கு ஃபைல்களுக்கு மட்டும் தேதி முதலில் வரட்டும். அவற்றைக் கால வரிசையில்தான் பார்ப்போம்.

தேதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்றே எழுதுங்கள். 14-06-2025 என்று நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 14-ஆம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். இன்னொரு வம்பும் உண்டு: 05-06-2025 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்க பையருக்கு மே 6. டெலிவரி தேதி இப்படி மாறிப் படிக்கப்பட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பும் ஏர் ஃபிரைட் கட்டணம் நம் தலையில்தான் விழும்.

மாதம், நாள், வரிசை எண் எல்லாவற்றையும் இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 9-க்குப் பிறகு 10 என்று புரிந்துகொள்ளும். எஃப்.டி.பி. சர்வரும் சில நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளும் அப்படிச் செய்யாது; 10-ஐ 9-க்கு முன்னால் வைத்துவிடும். 09 என்று எழுதினால் எங்கும் சிக்கலில்லை.

விண்டோஸ் ஒன்பது குறிகளை ஃபைல் பெயரில் ஏற்காது: முன்சாய்கோடு, பின்சாய்கோடு, கோலன், நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது, பெரியது குறிகள், நேர்கோடு. நம் ஊரில் அடிக்கடி இடிப்பது முன்சாய்கோடுதான், ஏனென்றால் இன்வாய்ஸ் நம்பரை 'எக்ஸ்பி/0231/25-26' என்று போடுகிறோம். ஃபைல் பெயரில் ஒருவர் அதை ஹைபனாக மாற்றுவார், இன்னொருவர் அண்டர்ஸ்கோர் போடுவார், மூன்றாமவர் விட்டேவிடுவார். பிறகு தேடினால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஜி.எஸ்.டி. விதி 46 இன்வாய்ஸ் நம்பருக்கு 16 எழுத்து வரை இடம் தருகிறது. சிறப்புக் குறிகளில் ஹைபன், முன்சாய்கோடு இரண்டையும் அனுமதிக்கிறது. அப்படியிருக்க, வரும் ஏப்ரலில் புது வரிசை தொடங்கும்போது சாய்கோட்டையே விட்டுவிட்டு ஹைபனுக்கு மாறிவிடுங்கள். பில்லில் இருப்பதும் ஃபைல் பெயரில் இருப்பதும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாகிவிடும். ஆடிட்டரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

'ஃபைனல்' என்ற சொல்லைப் பெயரில் தடை செய்யுங்கள். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் ஓகே 2' மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் எது கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது. ஆர்01, ஆர்02 என்று எண்ணிட்டுக்கொண்டே போங்கள். ஒப்புதல் வந்ததற்கு மட்டும் 'அப்ரூவ்டு' சேருங்கள். டிராயிங் என்றால் தாளின் மூலையில் உள்ள கட்டத்தில் எழுதியிருக்கும் ரிவிஷன் எண்ணே ஃபைல் பெயரிலும் இருக்க வேண்டும், பழைய ரிவிஷன் அன்றைக்கே 'பழசு' என்ற உள் ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். லேத்தில் இருப்பவர் பழைய டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்து ஓட்டிவிட்டால் அந்த லாட் முழுவதும் ஸ்கிராப்.

பெயர் நீண்டுகொண்டே போகவும் கூடாது. டிரைவ் எழுத்து, எல்லா ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் மூன்றும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸின் பல செயலிகள் காப்பி செய்யவும் திறக்கவும் மறுக்கும். எக்செல் இன்னும் கறார். 218 தான் அதன் எல்லை. பெரும்பாலும் இது எப்படி நேர்கிறது என்றால், பையர் பெயர், சீசன், ஸ்டைல் எல்லாவற்றையும் ஒவ்வொரு அடுக்கிலும் திரும்பத் திரும்ப எழுதுவதால். நம் கணினியில் திறந்த ஃபைல் சர்வரில் திறக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் அங்கே முகவரி இன்னும் நீளம்.

தமிழில் பெயர் வைத்தால் என்ன? விண்டோஸ் தாராளமாக ஏற்கும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர். ஒரு விசைப்பலகையில் 'கொடுமுடி' என்று வைத்த ஃபைல், இன்னொன்றில் 'கொடுமுடி' என்று தேடினால் கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டு. பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் அதைவிட மோசம். அவற்றின் உள்ளே இருப்பது யூனிகோடு தமிழே அல்ல என்பதால் உள்ளடக்கத் தேடல் ஒன்றையும் பிடிக்காது. எனவே பல பேர் புழங்கும் ஆபீஸில் பெயர் ஆங்கில எழுத்தில், எண்ணோடு இருக்கட்டும். உள்ளே எழுதுவது எந்த மொழியிலும் இருக்கலாம்.

பழைய பெயர்களை மாற்ற எஃப்2 அழுத்துங்கள். முடித்ததும் டேப் அழுத்தினால் அடுத்த ஃபைலுக்குத் தானே போகும். நூற்றுக்கணக்கில் மாற்ற வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் 'பவர்ரீநேம்' இருக்கிறது.

குப்பை சேரும் இரண்டு வாசல்: ஸ்கேனரும் வாட்ஸ்அப்பும்

கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வழி இறக்கிய படத்தின் பெயர் 'வாட்ஸ்அப் இமேஜ்' என்று தொடங்கித் தேதி, நேரத்தோடு முடியும். போனில் 'ஐஎம்ஜி', தேதி, 'டபிள்யூஏ', ஓர் எண். இரண்டிலும் இருப்பது வந்த நாள் மட்டுமே, என்ன படம் என்பது இல்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை வருகிற தபால் வைக்கும் தட்டாகப் பாருங்கள்: மாலை கிளம்பும் முன் அது காலியாக இருக்க வேண்டும். வேண்டியதைப் பெயர் மாற்றி ஆர்டர் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், மற்றதை அழித்துவிடுங்கள். குரோம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே வைப்பது என்று கேட்கும் விருப்பத்தைப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதில் 'ஷிப்பிங் பில்' என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது, தேடலுக்குத் தெரியாது. எழுத்துணரி (ஓ.சி.ஆர்., படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் வசதி) ஓட்டினால்தான் உள்ளே இருக்கும் சொற்கள் தேடலில் வரும். நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேனிங் செயலியில் ஓ.சி.ஆர். வசதி உண்டு; ஆங்கிலம், தமிழ் இரண்டு மொழிக் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். 300 டி.பி.ஐ. வையுங்கள். 150-இல் சின்ன எழுத்து சிதைந்து 8-ஐ 3 என்று படிக்கும். 600-இல் ஃபைல் வீங்குமே தவிர சாதாரண பில்லுக்குப் பெரிய லாபமில்லை. கார்பன் காப்பி பில்லையும் கையெழுத்தையும் எழுத்துணரி நம்பும்படி படிக்காது, அவற்றுக்குப் பெயர்தான் துணை.

தேடல்: விண்டோஸ் ஏன் சொதப்புகிறது

"விண்டோஸ் சர்ச்சே வேஸ்ட்" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் அமைப்பில்தான். விண்டோஸ் முன்கூட்டியே அட்டவணை போட்டுவைப்பது உங்கள் பயனர் ஃபோல்டர்களை, அதாவது டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றை மட்டும். நாம் தரவையெல்லாம் டி டிரைவில் வைக்கிறோம். அங்கே தேடினால் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்க்கும், அதனால் தாமதம். அதுவும் பெயரை மட்டுமே பார்க்கும், உள்ளே இருக்கும் சொல்லைப் பார்க்காது.

ஸ்டார்ட் மெனுவில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று தட்டித் திறங்கள். 'மாடிஃபை' அழுத்தி டி டிரைவின் 'ஆபீஸ்' ஃபோல்டரை டிக் செய்யுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு', 'ஃபைல் டைப்ஸ்' போய், பிடிஎஃப்புக்கு உள்ளடக்கத்தையும் சேர்த்து அட்டவணை போடும் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். முழு அட்டவணையும் போட்டு முடிக்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை அரைகுறை முடிவுதான் வரும். கிடைக்கவில்லை என்று பதறி மறுபடி மறுபடி 'ரீபில்டு' அழுத்தினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

பெயரை வைத்துத் தேட அதைவிட வேகமான வழி 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள். என்.டி.எஃப்.எஸ். (விண்டோஸின் வழக்கமான முறை) டிஸ்க்கில் எல்லா ஃபைலின் பெயரும் ஒரே பதிவேட்டில் இருக்கும். எவ்ரிதிங் ஃபோல்டருக்குள் நுழையாமல் அந்தப் பதிவேட்டையே படித்துவிடுவதால் தட்டத் தட்ட முடிவு விழும். '4471 லேப் நேவி' என்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள். மூன்று சொல்லும் எந்த வரிசையில் இருந்தாலும் பிடிக்கும். ஒரு சொல்லைத் தவிர்க்க அதன் முன்னால் ஆச்சரியக் குறி. சர்வர் கணினியில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை அது தானாகப் பார்க்காது. ஆப்ஷன்ஸில் 'ஃபோல்டர்ஸ்' பகுதியில் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் ஃபோல்டருக்கு எப்போது புதுப்பிப்பது என்றும் அங்கேயே நேரம் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மெயில்

மெயிலில் அடுக்குவதைவிடத் தேடுவதுதான் லாபம். ஆனால் தேடல் கிடைக்க சப்ஜெக்ட் சரியாக இருக்க வேண்டும். நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு மெயிலிலும் சப்ஜெக்ட் இப்படி இருக்கட்டும்: பையர், ஸ்டைல் நம்பர், பி.ஓ. நம்பர், விஷயம். பையர் ஆபீஸிலிருந்து வருகிறவை எப்படி இருந்தாலும், நம் ரிப்ளை தொடரில் அந்த எண்கள் இருந்தால் போதும்.

இங்கே ஜிமெயிலின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது முழுச் சொல்லைத்தான் தேடும், சொல்லின் நடுத்துண்டைத் தேடாது. 'எஸ்டி4471ஏ' என்று ஒட்டி எழுதியிருந்தால் '4471' என்று தேடும்போது வராது. அதனால் சப்ஜெக்டில் 'ஸ்டைல் 4471 ஏ' என்று இடைவெளி விட்டு எழுதுங்கள்.

தேடல் பெட்டியில் தட்ட வேண்டிய குறிச்சொற்கள் சில. சொல்லுக்கும் கோலனுக்கும் நடுவே இடைவெளி கூடாது:

ஃப்ரம்: அனுப்பியவர். சப்ஜெக்ட்: தலைப்பு.
ஹேஸ்:அட்டாச்மென்ட் என்றால் இணைப்பு உள்ளவை மட்டும். ஃபைல்நேம்:பிடிஎஃப் என்றால் அந்த வகை இணைப்பு.
ஆஃப்டர்:2025/04/01 பிஃபோர்:2025/07/01 என்று சேர்த்தால் முதல் காலாண்டு.
லார்ஜர்:10எம் ஓல்டர்_தேன்:2ஒய் என்றால் 10 எம்.பி.க்கு மேல், இரண்டு வருடத்துக்கு முந்தையவை.
இன்:எனிவேர் என்றால் ஸ்பேம், டிராஷ் உட்பட.

கடைசியை மறக்க வேண்டாம். சாதாரணத் தேடல் ஸ்பேமையும் டிராஷையும் பார்ப்பதில்லை. 30 நாள் ஆனால் அவை நிரந்தரமாக அழிந்தும் போகும். புது பையரின் முதல் விசாரணை மெயில் ஸ்பேமில் விழுவது சகஜம்.

லேபிளைப் பையருக்கு ஒன்று என்று நிறுத்துங்கள். தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள வடிகட்டிக் குறியைத் தொட்டு, அனுப்புநர் இடத்தில் பையர் கம்பெனியின் டொமைனை (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) தட்டி 'கிரியேட் ஃபில்டர்' கொடுங்கள். லேபிளைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே வந்த மெயில்களுக்கும் பொருத்தும் விருப்பத்தை டிக் செய்தால் பழையவையும் வரிசைக்கு வந்துவிடும். இன்பாக்ஸைத் தாண்டிப் போகும் விருப்பத்தைப் பையர் மெயிலுக்குப் போடாதீர்கள். விளம்பரம், பேங்க் அறிவிப்புக்கு மட்டும் போடுங்கள்.

புது ஆர்டருக்குப் பழைய மெயிலில் ரிப்ளை அடிப்பது எல்லா ஆபீஸிலும் இருக்கும் கெட்ட பழக்கம். முகவரிகள் தயாராக இருக்கின்றன என்று செய்கிறோம். இரண்டு ஆர்டரின் விலையும் அளவும் ஒரே தொடரில் கலந்து, எந்த ஒப்புதல் எதற்கு என்று பிரிக்க முடியாமல் போகும். சப்ஜெக்டை மாற்றினாலே ஜிமெயில் புதுத் தொடராகப் பிரித்துவிடும். 100 மெயிலைத் தாண்டினாலும் பிரிக்கும். "பாதி மெயிலைக் காணோம்" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலவசக் கணக்கில் 15 ஜி.பி. இடம், மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான். நிரம்பினால் நமக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். மேலே சொன்ன பெரிய மெயில் தேடலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கணக்கு பாப் முறையா ஐமேப் முறையா என்பது. பாப் என்றால் மெயில் கணினிக்கு இறங்கிவிடும். சர்வரில் நகலை விட்டுவைக்கும் விருப்பம் போடாவிட்டால் அங்கிருந்து போய்விடும். இரண்டு கணினியில் ஒரே கணக்கு இருந்தால் பாதி இதில், பாதி அதில். மெயில் சர்வரிலேயே இருந்து எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும் ஐமேப்புக்கு மாற்றுங்கள்.

அவுட்லுக் மெயில்களைக் கணினியில் சேர்த்துவைக்கும் பி.எஸ்.டி. ஃபைல் இப்போதைய அவுட்லுக்கில் 50 ஜி.பி. வரை வளரும். அதற்கு வெகு முன்னாலேயே தேடல் தள்ளாடத் தொடங்கும். நிதியாண்டுக்கு ஒரு பி.எஸ்.டி. என்று பிரியுங்கள். அதை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துத் திறக்காதீர்கள், மைக்ரோசாஃப்டே அதை ஆதரிப்பதில்லை; இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் கெட்டுப்போகலாம். கரண்ட் சட்டென்று போனாலும் இதே கதி, யு.பி.எஸ். கட்டாயம். கெட்டால் அவுட்லுக்குடன் வரும் ஸ்கேன்பிஎஸ்டி கருவியை, ஒரு நகல் எடுத்துவைத்த பிறகு ஓட்டுங்கள்.

விலை ஒப்புதல், சாம்பிள் ஒப்புதல், ஷிப்மென்ட் உத்தரவு இந்த மூன்றையும் மெயிலிலேயே விட்டுவைக்காதீர்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தொட்டு 'டவுன்லோடு மெசேஜ்' கொடுத்தால் முழு மெயிலும் இணைப்போடு ஒரே ஃபைலாக இறங்கும். அதே பெயர் முறைப்படி ஆர்டர் ஃபோல்டரில் வையுங்கள். எல்லா மெயிலையும் இப்படி இறக்க ஆரம்பித்தால் வேறு வேலை நடக்காது.

ஏற்கெனவே கிடக்கும் குவியல்

பழையதையெல்லாம் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்குவேன் என்று உட்கார்ந்தால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். இருப்பது அத்தனையையும் 'பழையது' என்ற ஒரே ஃபோல்டருக்குள் அப்படியே தள்ளுங்கள். இன்று முதல் புது முறை. பழையதில் ஏதாவது தேவைப்பட்டு எடுக்கும்போது, அந்த ஒன்றை மட்டும் பெயர் மாற்றிச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்றதை எவ்ரிதிங் பார்த்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: எக்செல் ஃபைல்கள் ஒன்றுக்கொன்று இணைப்பு வைத்திருந்தால் நகர்த்தியதும் அந்த இணைப்பு அறும். விலைக் கணக்கு போடும் காஸ்டிங் ஷீட்டுகளில் இது அதிகம். டேலி தரவு ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

அழிக்கும் முன் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25-க்கான கெடு 2025 டிசம்பர் 31 என்றால் 2031 டிசம்பர் 31 வரை. வழக்கு, அப்பீல் இருந்தால் அதற்கு மேலும்.

கிளவுடில் சிங்க் ஆவதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 'ஆபீஸ்' ஃபோல்டர் முழுவதையும் வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் வயரைக் கழற்றி வையுங்கள். சொருகியே விட்டிருந்தால் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஆள் மாறுவது நம் ஊர் ஆபீஸ்களில் அன்றாடம் நடப்பது. மெயில் முகவரியை ஆள் பெயரில் கொடுக்காமல் 'மெர்ச்1', 'ஷிப்பிங்' என்று வேலையின் பெயரில் கொடுங்கள். ஒருவர் விலகும்போது கடைசி நாளில் பாஸ்வேர்டையும் மீட்பு போன் நம்பரையும் மாற்றுங்கள், அவருடைய போனில் மட்டும் கிடக்கும் வாட்ஸ்அப் ஒப்புதல் படங்களை ஆர்டர் ஃபோல்டருக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு செட்டில்மென்ட்.